என் ஏலத்துக்கு நானே ப்ரூஃப் பார்த்தேன்

வங்கிக் கடனில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் கதை சொல்லும்போது பெரும்பாலும் வட்டியில்தான் ஆரம்பிப்பார்கள். என் கதையில் வட்டியின்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அது பாட்டுக்கு மாதாமாதம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. ஒழுங்காக நடந்துகொள்ளாதது நான்தான்.

குரோம்பேட்டைப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று அக்கம்பக்கத்தின் நல்லது கெட்டதெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். மெஷின் வாங்குவதற்காக அப்பா கட்டிய வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்தேன். மகள் கல்யாணத்துக்கு அதன்மேல் ஒரு டாப்-அப். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது உடனே சம்மதம் என்று தட்டிவிட்டேன். அந்த ஆறு மாதமும் வட்டி ஓடும் என்பதும் அதே குறுஞ்செய்தியில் இருந்தது, அடுத்த வரியில். நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்த காலம் அது. 50 பேருக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்?

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் கணக்கை வாராக்கடனில் சேர்த்துவிடுவார்கள். ‘என்.பி.ஏ. ஆயிடுச்சு’ என்பார்கள் வங்கியில். அதற்கு முன்னால் போய் நின்றிருந்தால், காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கிளையிலேயே கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவன் நான். அவருடைய புது வீட்டுக்குப் பத்திரிகை அடித்த கையோடு என் பழைய வீட்டைப் பற்றி எப்படிப் போய்க் கெஞ்சுவது என்று கௌரவம் பார்த்தேன். அவர் மாற்றலாகிப் போனார். ஃபைல், முகம் தெரியாத ஏதோ ஒரு வசூல் பிரிவுக்குப் போயிற்று. பிறகு மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு தொகையைக் கட்டிவிட்டு, இனி கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு தடவை வாராக்கடன் ஆன கணக்கு மறுபடி நல்ல கணக்காக வேண்டுமென்றால் அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதையும் கட்டியாக வேண்டும் என்று 2021 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. என் நகைப் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். கையில் வைத்திருந்தால் வாடகை வீட்டு அட்வான்ஸுக்காவது ஆகியிருக்கும்.

அடுத்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(2). முழுப் பாக்கியையும் 60 நாளில் கட்டு, இல்லாவிட்டால் அடமானச் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்கிற நோட்டீஸ். வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி சொத்தை எடுத்து விற்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. சம்மன் வரும், வாய்தா வாங்கலாம் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் சினிமாவில் பார்த்தது. ஆனால் உறையைப் பிரித்தால்தானே இதெல்லாம் தெரியும்?

தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்துக்கு அட்டையை நீட்டினார். பேங்க் பெயரைப் பார்த்ததும், “வீட்ல ஆள் இல்லைன்னு எழுதிடுங்களேன்” என்றேன்.

“நீங்கதானே சார் பேசிட்டிருக்கீங்க?”

“அதான் சொல்றேன், இல்லைன்னு.”

அவர் ஒன்றும் பேசாமல் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதிக்கொண்டு, மழை வர்ற மாதிரி இருக்கு சார் என்று சைக்கிளைத் திருப்பினார். என் சாமர்த்தியத்தை மனைவியிடம் சொன்னேன். “வாங்கலைன்னா கடன் போயிடுமாங்க?” என்று கேட்டாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மறுத்தாலும் கொடுத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடன் வாங்கினவர் நோட்டீஸுக்குப் பிடிகொடுக்காமல் நழுவுகிறார் என்று வங்கி அதிகாரிக்குத் தோன்றினால், அதை வாசற்கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் கொடுக்க வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்று விதி. தபால்காரரோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் காலைக் காபியோடு தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று செய்த காரியத்தின் பலன் அது.

அந்த விளம்பரத்தை இன்னும் வைத்திருக்கிறேன். என் பெயர், அப்பா பெயர், கதவு எண், பாக்கித் தொகை, பிறகு சொத்து விவரம். சொத்து விவரம் என்றால் நான்கு எல்லை. வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே காலி மனை, தெற்கே இன்னார் வீடு. அந்த இன்னார், தெற்கு வீட்டுக்காரரின் காலமான அப்பா. எங்கள் பழைய பத்திரத்தில் உள்ளபடியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். “உங்க கடன்ல எங்கப்பா பேரு எதுக்கு சார்? அடுத்த மாசம் திவசம் வருது.” எல்லையைக் காட்டுவதற்காகத்தான் சார், வேறொன்றுமில்லை என்று வெகுநேரம் விளக்கினேன். கடைசிவரை என் வீடு என்னாகும் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

நோட்டீஸ் வந்தபின் உருப்படியான ஒரு வாய்ப்பு உண்டு. 13(3ஏ) பிரிவின்படி நம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டும். கட்டிய தவணை வரவாகாமல் இருந்தால், கூட்டலில் தப்பிருந்தால், இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டுகிறேன் என்று சொல்ல இருந்தால், சொல்ல வேண்டிய இடம் இதுதான். நானும் எழுதினேன், நாலு பக்கம். அப்பா செங்கல் சூளைக்கு சைக்கிளில் போய்வந்தது, அம்மா கடைக்காலில் நவதானியம் போட்டது, நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பத்தாவது பாஸ் செய்தது எல்லாம் அதில் உண்டு. நல்ல காகிதத்தில், நல்ல எழுத்துருவில், சுற்றிலும் இடம் விட்டு அழகாக அச்சடித்துக் கொடுத்தேன். தேதி ஒன்றுகூட இல்லை. ரூபாய்க் கணக்கும் இல்லை. மூன்று வரியில் பதில் வந்தது.

ஒரே தடவையில் ஒரு தொகையைக் கட்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுப்பதாக, அதாவது ஓ.டி.எஸ். பேச, அதிகாரி பல தடவை கூப்பிட்டிருக்கிறார். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நான் சரியாக அந்த 8 மணியிலிருந்து 7 மணி வரை போனை அணைத்து வைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில் மாடிப் போர்ஷனை லீஸுக்கு விட்டால் மொத்தமாக ஒரு தொகை வரும் என்று புரோக்கர் யோசனை சொன்னார். 13(2) நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது. கேட்டு வந்தவன் ஐ.டி. கம்பெனிப் பையன். செருப்பைக் கழற்றும் முன்பே மொபைலில் வில்லங்கச் சான்றிதழைத் திறந்து, “அங்கிள், பத்திரத்தை பேங்க்ல வெச்சது பதிவாகியிருக்கே, டியூ எல்லாம் கரெக்டா போகுதா?” என்றான். என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டு கிளம்பிவிட்டான். அவன் அதைப் பார்க்காமல் பணம் கொடுத்திருந்தால் நான் வாங்கிப் பையில் போட்டிருப்பேன். என் அசட்டுத்தனங்களில் இதை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

வங்கியின் சம்மதத்தோடு நானே வீட்டை விற்றிருக்கலாம். அவர்களுக்குப் பணம் வந்தால் சரி, மிச்சம் எனக்கு. ஒருவர் நேரில் வந்து நல்ல விலை சொல்லவும் செய்தார். இன்னும் மூன்று லட்சம் போட்டுக் கொடுங்கள் என்று பிகு செய்தேன். ஏலத்தில் வீடு என்ன விலைக்குப் போயிற்று என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர் இந்தப் பத்தியைப் படிக்கக்கூடும்.

கெடு முடிந்ததும் 13(4). கேட்டில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழு நாளுக்குள் மறுபடி இரண்டு பேப்பரில் விளம்பரம். ஆளை வெளியேற்றுவதில்லை, வீட்டைக் காகிதத்தில் மட்டும் எடுத்துக்கொள்கிற கட்டம் இது. சமைக்கிறோம், மோட்டார் போடுகிறோம், டி.வி. பார்க்கிறோம், ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். ஒட்டிய காகிதத்தை ராத்திரி வெந்நீரும் பிளேடுமாக உட்கார்ந்து, கேட்டின் பெயின்டில் ஒரு கீறல் விழாமல் உரித்தெடுத்தேன். அச்சகத்துக்காரன் கை அல்லவா? மறுநாள் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, “ஒட்டினப்பவே போட்டோ எடுத்தாச்சு சார்” என்றார்.

அந்த நடவடிக்கையை எதிர்ப்பதென்றால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். டி.ஆர்.டி. என்பார்கள். சென்னையில் மூன்று, கோவையிலும் மதுரையிலும் ஒவ்வொன்று. நான் போனது டீக்கடைக்கு. “சிவில் கோர்ட்ல ஒரு இன்ஜங்ஷன் போடு தம்பி, பத்து வருஷம் இழுக்கலாம்” என்றார் அங்கே ஒரு பெரியவர். அவர் பங்காளிச் சண்டையில் அப்படி இழுத்தவர். அனுபவஸ்தர் பேச்சாயிற்றே என்று அதைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். இந்த விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. அதை எனக்குச் சொன்ன வக்கீல் நான் நீட்டிய காகிதக் கட்டில் நோட்டீஸின் தேதியை மட்டும் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். “இத்தனை நாள் என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?” டீக்கடை என்று சொல்ல வெட்கப்பட்டு, உடம்பு சரியில்லை என்றேன்.

பிறகு ஏல அறிவிப்பு வெளியாயிற்று. இங்கேதான் நான் நிபுணன். பேப்பரை மேஜையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்தேன். சர்வே எண் சரி. எல்லைகள் சரி. தெற்கு வீட்டுப் பெரியவர் இதிலும் இருந்தார். கதவு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது! தப்பான வீட்டை ஏலம் விடுகிறார்கள், இது செல்லாது என்று துள்ளினேன். வக்கீலிடம் காட்டியிருக்கலாம், குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். தொழில் செருக்கு விடவில்லை. நேரே அதிகாரியிடம் போய்ப் பேப்பரைப் போட்டு, சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ரொம்ப தேங்க்ஸ் சார். எங்க யாரு கண்ணுலயும் படல” என்றார். மனசாரச் சொன்னார். அந்த வாரமே பிழைத் திருத்த அறிவிப்பு வந்துவிட்டது, தமிழிலும் ஆங்கிலத்திலும்.

மச்சினன் மட்டும், “ஏலத்தன்னிக்குக் காலைல பணம் கையில இருக்கும் மாமா” என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். விற்பனை நாள் வரைக்கும் பாக்கியைக் கட்டி மீட்கலாம் என்பது பழைய கணக்கு. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுத் தொகையும் கட்டியிருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2023-இல் அதை உறுதி செய்தது. மச்சினன் பணத்தோடு வந்திருந்தாலும் காலம் கடந்துதான் இருக்கும். அவன் வரவில்லை என்பது தனிக் கதை. அவன்மேல் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு நியாயமில்லாமல் போயிற்று.

ஏல அறிவிப்பில், சொத்தைப் பார்வையிடும் நாள் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அன்று வந்தவர்களை நானே கேட்டில் நின்று வரவேற்றேன். காபி கொடுத்தேன். பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறும், பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடித்துப் பார்க்கிறீர்களா? 2015 வெள்ளத்தில் சாக்கடை இந்த இடம் வரைக்கும் வந்தது என்று இடுப்புயரத்துக்குக் கோடு போட்டுக் காட்டினேன். உண்மையில் கணுக்கால் வரைதான். ஒரு அம்மா மட்டும், “அப்புறம் எப்படிங்க இத்தனை வருஷம் இருந்தீங்க?” என்று கேட்டார். அவருக்கு இன்னொரு காபி கொடுத்தேன்.

முதல் ஏலத்துக்கு ஒருவர்கூட முன்வைப்புத் தொகை கட்டவில்லை. அன்று ராத்திரி நான் பாயசம் கேட்டேன். கடன் வாங்கினவனுக்கே பயன்படுகிற ஒரு விஷயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. வீடு விற்ற பணத்தில் வங்கிப் பாக்கியும் செலவும் போக மிஞ்சினால் அது நம்முடையது. பணம் போதாவிட்டால் மீதிக்கும் நம்மைத்தான் துரத்துவார்கள். ஏலம் படியாததால் வங்கி புதிதாக மதிப்பீடு செய்து குறைந்தபட்ச விலையை இறக்கியது. முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மறு ஏலத்துக்கு 15 நாள் போதும். ஆக, நான் ஓதத்தைக் காட்டியது என் பையிலிருந்தே பணத்தை எடுத்து வெளியே போட்ட வேலை.

ஆள் குடியிருக்கிற வீட்டை யாரும் வாங்கத் துணியவில்லை என்று வங்கி அடுத்து நேரடிச் சுவாதீனத்துக்கு இறங்கியது. அதற்கு முன் அதிகாரி ஒரு நல்ல வார்த்தை சொன்னார். “நீங்களே சாவியைக் கொடுத்துட்டா ஆள், போலீஸ், கமிஷனர் செலவெல்லாம் மிச்சம் சார். ஒரு மாசம் டைம் எழுத்துல வாங்கித் தரேன்.” நான் நெஞ்சை நிமிர்த்தி, “எல்லாம் சட்டப்படி நடக்கட்டும்” என்றேன். நடந்தது. 14-ஆம் பிரிவில் கலெக்டர் உத்தரவு ஆயிற்று. பெருநகரத்தில் தலைமை மாஜிஸ்ட்ரேட்டும் போடலாம்.

மனைவி வாடகை வீடு பார்க்கத் தொடங்கினாள். நானும் ஒரு தடவை கூடப் போனேன். சொந்த வீட்டை விட்டு ஏன் வருகிறீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். வாஸ்து சரியில்லை என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, “பேப்பர்ல பார்த்தேன் சார். வாடகை மட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள வந்துடணும்” என்றார்.

காலி செய்ய வேண்டிய நாள் முன்கூட்டியே தெரியும். நோட்டீஸில் தேதி போட்டிருந்தது. நான் ஒரு அட்டைப்பெட்டியைக்கூடத் தொடவில்லை. மூட்டை கட்டினால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைப்பு. காலையில் வந்தார்கள்: வழக்கறிஞர் கமிஷனராக ஓர் இளம்பெண், வங்கி அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், பூட்டும் அரக்குமாக ஒரு பையன். கமிஷனர் குரலை உயர்த்தவே இல்லை. மத்தியானம் வரைக்கும் நேரம் தருகிறேன் சார், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் எழுத ஆரம்பித்தார். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அதில் ஏற வேண்டும்.

“பீரோ சாவி சார்.”

நானே பெருமிதமாகத் திறந்துவிட்டேன். உள்ளே நாப்தலின் உருண்டைகளும் ஒரு பழைய காலண்டரும் இருந்தன. பட்டுப்புடவை, நிலப் பத்திர நகல்கள், மகளின் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, எதுவும் இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று போலீஸ்காரரிடம் திரும்பினேன். நல்லவேளை, வாயைத் திறப்பதற்குள் மனைவி, “எல்லாம் அண்ணன் வீட்ல இருக்குங்க” என்றாள். பல வாரமாக மார்க்கெட்டுக்குப் போகிறபோதெல்லாம் கட்டைப்பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சாமி படங்கள் போய்விட்டன. சுவரில் ஆணி மட்டும்தான். கேஸ் கனெக்‌ஷனை மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டாள். என் பிரஷர் மாத்திரை அவள் கைப்பையில் இருந்தது. அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. பேப்பரில் இடம் மாறிய எண்ணைக் கண்டுபிடித்த கண் இது.

வீட்டில் மிச்சமிருந்தது என் சாமான்கள் மட்டும். கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆல்பங்கள், பழைய நாற்காலி, காகிதக் கட்டுகள், அப்பாவின் ஆட்டுக்கல். கமிஷனர் பொறுமையாக எழுதினார்: ‘பழைய பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்தது, 1.’ உடையவில்லை, விரிசல்தான் என்று நான் திருத்தம் சொன்னேன். அவர் அடித்துவிட்டு ‘விரிசல்’ என்று எழுதினார். பட்டியலில் கையெழுத்துப் போடும்போது நகல் கேட்டு வாங்கிக்கொண்டவளும் என் மனைவிதான். அடமானம் வைத்தது வீட்டை மட்டும். உள்ளே கிடக்கிற தட்டுமுட்டுச் சாமான் நம்முடையது. பின்னால் அந்த நகலைக் காட்டி ஒரு நாள் குறித்து வாங்கி, ஆட்டுக்கல் முதற்கொண்டு எடுத்துவந்தோம்.

மறு ஏலத்தில் வீடு போயிற்று. ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை உடனேயும் மிச்சத்தைக் கெடுவுக்குள்ளும் கட்டிப் பெயர் மாற்றிக்கொண்டார். கொஞ்சம் மிஞ்சியது. அது தானாக வந்து சேரும் என்று உட்காராமல், கடிதம் எழுதினேன். நாலே வரி: கடன் எண், ஏலத் தேதி, தொகை, பணம் போட வேண்டிய கணக்கு. கூடவே செலவுக் கணக்கும் கேட்டேன். நகலில் சீல் வாங்கிக்கொண்டேன்.

செலவுக் கணக்கு வந்தது. மதிப்பீட்டாளர் கட்டணம், கமிஷனர் கட்டணம், பூட்டு, காவலாள் சம்பளம். முதல் நோட்டீஸ் விளம்பரம், தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் வந்திருக்காதது. சுவாதீன விளம்பரம். இரண்டு ஏல விளம்பரங்கள். நடுவில் ‘பிழைத் திருத்த அறிவிப்பு, இரண்டு நாளிதழ்கள்’ என்று தனியாக ஒரு வரி. அந்த ஒன்றுக்கு மட்டும் பில் கேட்டு வாங்கி, பேப்பரை எடுத்து வைத்து, ஸ்கேலால் நீளமும் அகலமும் அளந்து, சதுர சென்டிமீட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடுதலாக ஒரு ரூபாய் போடவில்லை.